மருந்துச்சீட்டுப் பதிவேடு: புதிதாக மருந்துக் கடை திறப்பவர்களுக்கு

கடை திறந்த ஏழாவது மாதம், மருந்து ஆய்வாளர் வந்தார். அவர் முதலில் கேட்டது எச்1 பதிவேடு, அதாவது எச்1 என்ற சட்டப் பட்டியலில் உள்ள மருந்துகளின் விற்பனையைத் தனியாக எழுதிவைக்கும் ஏடு. எடுத்துக் கொடுத்தேன். பக்கங்களைப் புரட்டியவர், அந்தப் பட்டியலில் உள்ள செஃபிக்ஸிம் மாத்திரை ஒன்றின் கொள்முதல் பில்லை எடுக்கச் சொன்னார். வந்தது 30 அட்டை. அலமாரியில் அவரே எண்ணினார், 12 இருந்தது. அப்படியென்றால் 18 அட்டை விற்றிருக்க வேண்டும். பதிவேட்டில் இருந்ததோ 11. "மீதி ஏழு எங்கே?" என்று கேட்டார்.

ஏழும் மருத்துவர் சீட்டின் பேரில்தான் விற்றவை. ஆனால் பகலில் கூட்டம் அதிகம் என்று இரவில் நினைவிலிருந்து எழுதும் பழக்கம் எங்கள் கடையில் இருந்தது. நினைவில் நின்றது பதிவேட்டில் ஏறியது, நிற்காதது விடுபட்டது. விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தது. பதில் எழுதி, பழைய பில்களைத் தேடி, கணக்கை நேர்செய்து முடிக்க மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தில் நான் கற்றதைப் புதிதாக இத்தொழிலுக்கு வருபவர்களுக்காக இங்கே வரிசையாக எழுதுகிறேன். இந்தியாவில் சில்லறை விற்பனைக்கான படிவம் 20, 21 உரிமங்களோடு கடை நடத்துபவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. சட்ட அடிப்படை, 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளின் 65ஆவது விதி. அதன் நகலை அச்சிட்டு, கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வையுங்கள்.

1. அட்டையின் இடது மேல் மூலையைப் படிக்கப் பழகுங்கள்

எந்தப் பதிவேட்டில் எழுதுவது என்பதை மருந்தின் அட்டையே சொல்லிவிடும். சீட்டின் பேரில் மட்டும் விற்க வேண்டிய மருந்துகளைச் சட்டம் எச், எச்1, எக்ஸ் என்று அட்டவணைகளாகப் பிரித்திருக்கிறது. இடது மேல் மூலையில் வெறும் ஆர்எக்ஸ் (Rx) குறி இருந்தால் அது எச் அட்டவணை மருந்து. அதே குறி சிவப்பில் இருந்து, சிவப்புக் கோடு போட்ட கட்டத்துக்குள் எச்சரிக்கையும் இருந்தால் எச்1. சிவப்பில் எக்ஸ்ஆர்எக்ஸ் (XRx) என்றிருந்தால் எக்ஸ் அட்டவணை. என்ஆர்எக்ஸ் (NRx) என்றிருந்தால் போதைப்பொருள் சட்டத்தின் கீழும் வருவது.

எச்1 அட்டவணை 2014 மார்ச் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில் அதில் 46 மருந்துகள் இருந்தன. செஃபிக்ஸிம், செஃப்போடாக்ஸிம், லெவோஃப்ளாக்சசின், மெரோபெனெம் போன்ற நுண்ணுயிர்க்கொல்லிகள். ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் போன்ற காசநோய் மருந்துகள். அல்பிரசோலம், டயசெபாம், சோல்பிடெம், டிரமடால் போன்ற பழக்கத்துக்கு உள்ளாக்கும் மருந்துகள் என்று மூன்று கூட்டமாக நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இங்கே பலர் தவறுவது கண் சொட்டு மருந்தில். மேல்பூச்சு மருந்துகளுக்கு எச்1இல் விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டு, சொட்டு மருந்தும் அதில் அடங்கும் என்று நினைத்துவிடுகிறார்கள். கண், காது, மூக்கு மருந்துகளுக்கு அந்த விலக்கு கிடையாது. மாக்ஸிஃப்ளாக்சசின் கண் சொட்டு மருந்தை ஐந்து மில்லி குப்பியாக விற்றாலும் எச்1 பதிவேட்டில் எழுதியாக வேண்டும். இரண்டு மருந்து கலந்த மாத்திரையில் ஒன்று எச்1 பட்டியலில் இருந்தாலும் அப்படித்தான்.

புதிய சரக்கு வந்து அடுக்கும்போதே எச்1 மருந்துகளைத் தனி அலமாரிக்குக் கொண்டுபோய்விடுங்கள். அந்த அலமாரியின் கதவிலேயே பதிவேட்டையும் பேனாவையும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். கதவைத் திறக்கும் கைக்குப் பதிவேடு தட்டுப்படாமல் போகாது.

2. சீட்டு முழுமையாக இருக்கிறதா என்று பாருங்கள்

வாய்மொழியாக இல்லாமல் எழுத்தில் இருப்பது, மருத்துவரின் வழக்கமான கையொப்பம், தேதி, நோயாளியின் பெயரும் முகவரியும், கொடுக்க வேண்டிய மொத்த அளவு, ஒரு வேளைக்கு எவ்வளவு என்ற குறிப்பு. இவ்வளவும் இருந்தால்தான் விதிப்படி அது மருந்துச்சீட்டு. நடைமுறையில் அதிகம் விடுபடுவது நோயாளியின் முகவரியும் மொத்த அளவும். முகவரியை நோயாளியிடமே கேட்டு நம் பதிவில் எழுதிக்கொள்ளலாம். அளவு தெளிவாக இல்லையென்றால் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேளுங்கள். "வழக்கமாகப் பத்து மாத்திரைதான் தருவார்கள்" என்று கடைப் பையன் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஒரு சீட்டுக்கு ஒரு முறைதான் மருந்து கொடுக்கலாம். மீண்டும் கொடுக்கலாம் என்று மருத்துவரே எழுதியிருந்தால், எத்தனை முறை, என்ன இடைவெளி என்று அவர் எழுதியபடி கொடுக்க வேண்டும். கொடுத்தவுடன் சீட்டில் மருத்துவரின் கையொப்பத்துக்கு மேலே நம் கடையின் பெயர், முகவரி, கொடுத்த தேதி மூன்றையும் குறிக்க வேண்டும். இதற்கு ஒரு ரப்பர் முத்திரை செய்துகொள்ளுங்கள். சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும் செலவு இது. முத்திரையைக் கையொப்பத்தின் மீதே குத்தி மறைத்துவிடாதீர்கள்; அடுத்த முறை அந்த மருத்துவரே தன் எழுத்தைப் படிக்க முடியாமல் போகும்.

பத்து நாளுக்கு எழுதியிருக்கும், கையில் பணம் இல்லாமல் மூன்று நாளுக்கு மட்டும் கேட்பார்கள். தினமும் நடக்கும் சங்கதி இது. அப்போது எத்தனை மாத்திரை கொடுத்தேன் என்பதையும் முத்திரைக்குப் பக்கத்தில் எழுதுகிறேன். இல்லாவிட்டால் அதே சீட்டோடு திரும்பி வருபவருக்கு எவ்வளவு மிச்சம் என்பது யாருக்கும் தெரியாது.

சீட்டில் உள்ள மருந்து இல்லையென்றால், வேறு கம்பெனி மருந்தை நாமாக மாற்றித் தரக் கூடாது. எச், எச்1, எக்ஸ் மூன்றுக்கும் இது பொருந்தும். மருத்துவரிடம் பேசி, அவர் சீட்டை மாற்றி எழுதித் தந்தால் கொடுக்கலாம்.

தொலைபேசி வழி மருத்துவ ஆலோசனைச் சீட்டுகள் இப்போது நிறைய வருகின்றன. 2020 மார்ச்சில் வெளியான தொலை மருத்துவ வழிகாட்டுதல்படி, மருத்துவர் கையொப்பமிட்ட சீட்டின் படமோ மின்னணுச் சீட்டோ செல்லும். அதில் அவருடைய பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். எக்ஸ் அட்டவணை மருந்துகளையும் போதைப்பொருள் சட்டத்தில் வரும் மருந்துகளையும் அந்த வழியில் எழுத மருத்துவருக்கே அனுமதி இல்லை. அப்படி எழுதி வந்தால் மறுத்துவிடுங்கள். கைப்பேசியில் வரும் படம் போன வருடத்துச் சீட்டாகவும் இருக்கலாம். தேதியைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, ஒரு பிரதி அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள்.

3. பதிவேடா, பில் புத்தகமா என்பதை முதல் நாளே முடிவு செய்யுங்கள்

சீட்டின் பேரில் கொடுக்கும் மருந்தைக் கொடுக்கும்போதே மருந்துச்சீட்டுப் பதிவேட்டில் எழுத வேண்டும், பதிவின் வரிசை எண்ணைச் சீட்டிலும் குறிக்க வேண்டும் என்பது விதி. கடையிலேயே கலந்து தயாரிக்காமல், தயாரிப்பாளரின் மூல அட்டை, குப்பியிலிருந்து கொடுக்கும் மருந்துகளுக்கு, இதே விவரங்களை வரிசை எண்ணிட்ட பில் புத்தகத்தில் பதிந்தால் போதும். இன்று பெரும்பாலான கடைகள் இந்த இரண்டாவது வழியில்தான் நடக்கின்றன.

ஆனால் பில் என்றால் "மாத்திரை, ஐம்பது ரூபாய்" என்று எழுதும் பில் அல்ல. வரிசை எண், தேதி, மருத்துவரின் பெயரும் முகவரியும், நோயாளியின் பெயரும் முகவரியும், மருந்தின் பெயரும் அளவும், தயாரிப்பாளர் பெயர், தொகுதி எண் (பேட்ச் நம்பர்), காலாவதித் தேதி, மருந்தாளுநரின் கையொப்பம் எல்லாம் அதில் இருக்க வேண்டும். கால்நடைக்கு என்றால் அதன் உரிமையாளரின் பெயரும் முகவரியும் எழுத வேண்டும். கடையின் பெயர், முகவரி, உரிம எண் பில்லின் தலைப்பிலேயே அச்சாகியிருக்கட்டும்.

கணினியில் பில் போடுபவர்கள், மென்பொருள் வாங்கும்போதே மருத்துவர் முகவரிக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். நான் முதலில் வாங்கியதில் மருத்துவர் பெயருக்கு மட்டும்தான் இடம் இருந்தது. முகவரிக்கான கட்டத்தைச் சேர்க்கப் பிறகு தனியாகப் பணம் கட்டினேன். நம் ஊரில் அடிக்கடி சீட்டு வரும் மருத்துவர்கள் இருபது, முப்பது பேர்தான் இருப்பார்கள். கடை திறக்கும் முன்பே ஒரு நாள் உட்கார்ந்து அவர்கள் பெயர், முகவரி, பதிவு எண்ணை ஏற்றிவிட்டால், பிறகு ஒரு தட்டில் வந்துவிடும்.

தொகுதி எண்ணை எழுதச் சலித்துக்கொள்ளாதீர்கள். தரமற்றவை என்று கண்டறியப்பட்ட மருந்துகளின் பட்டியலை மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதந்தோறும் தொகுதி எண்ணோடு வெளியிடுகிறது. ஒரு மாதம் அந்தப் பட்டியலில் எங்களிடம் வந்த இரத்த அழுத்த மாத்திரையின் தொகுதி இருந்தது. பில்லில் தேடினேன், நான்கு பேர் வாங்கியிருந்தார்கள். மூவரைத் தொலைபேசியில் அழைத்து மாற்றிக் கொடுத்தேன். நான்காவது ஒரு மூதாட்டி, தொலைபேசி இல்லாதவர். பில்லில் தெருப் பெயர் இருந்ததால் நேரில் போக முடிந்தது. முகத்தில் குழப்பத்தோடு அவர் உள்ளே போய் எடுத்து வந்த அட்டையில் நான்கு மாத்திரை மிச்சம் இருந்தது.

4. எச்1 பதிவேடு

இதைத் தனியாக வைக்க வேண்டும். மருத்துவரின் பெயர், முகவரி, நோயாளியின் பெயர், மருந்து, அளவு. விதி கேட்பது இவ்வளவுதான். நான் இதோடு தேதி, பில் எண், தொகுதி எண் மூன்றையும் சேர்த்திருக்கிறேன். பில் எண் இருந்தால் பதிவேட்டையும் பில்லையும் ஐந்து நிமிடத்தில் ஒப்பிட்டுவிடலாம். அச்சிட்ட பதிவேடு மருந்து வணிகர்களுக்கான எழுதுபொருள் கடைகளில் கிடைக்கும். தாள் தாளாகக் கோத்ததை வாங்காதீர்கள்; தைத்துக் கட்டிய, பக்க எண் உள்ளதையே வாங்குங்கள்.

ஒரு பதிவுக்கு ஒரு நிமிடம் ஆகும். மருந்தைக் கையில் கொடுப்பதற்கு முன்பு அந்த ஒரு நிமிடத்தைக் கண்டிப்பாக எடுத்துக்கொள்ளுங்கள். வரிசையில் நிற்பவர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும். என் ஏழு அட்டை காணாமல் போனது இந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தப் போனதால்தான்.

தவறாக எழுதிவிட்டால் வெள்ளை மை பூசாதீர்கள். ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியானதை எழுதி, மருந்தாளுநர் கையொப்பமும் தேதியும் இடட்டும். மை பூசிய ஒரு வரி இருந்தால் மொத்தப் பக்கத்தின் மீதும் சந்தேகம் விழும். வரிகளை இடையில் காலியாகவும் விடாதீர்கள். பிறகு நிரப்புவதற்கு விட்ட இடம் என்றுதான் அதை வாசிப்பார்கள்.

"சீட்டு வீட்டில் இருக்கிறது, நாளைக்குக் கொண்டுவருகிறேன்" என்பவர் எவ்வளவு தெரிந்தவரானாலும் எச்1 மருந்து கொடுக்காதீர்கள். தூக்க மாத்திரை கேட்டு வருபவரிடம் இதைச் சொல்வது சங்கடம்தான். ஆனால் தூக்க மாத்திரை விஷயத்தில் நாம் மறுப்பது அவருடைய உயிருக்கே காவலாக இருக்கக்கூடும் என்பதை மனதார நம்புகிறேன்.

சனிக்கிழமை இரவு நான் பதினைந்து நிமிடம் ஒதுக்குகிறேன். எச்1 மருந்துகளில் ஏதேனும் ஐந்தை எடுத்து, வந்தது எத்தனை, பதிவேட்டின்படி போனது எத்தனை, அலமாரியில் இருப்பது எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறேன். ஆய்வாளர் செய்த அதே கணக்குதான். ஒரு வாரத்துக்குள் பிடிபட்டால் விடுபட்ட பில்லைக் கண்டுபிடித்துவிடலாம், ஆறு மாதம் கழித்து என்றால் என்னைப் போலப் படாத பாடு பட வேண்டும்.

5. எக்ஸ் அட்டவணை மருந்துகள்

புதியவர்கள் இதைத் தொடாமல் இருப்பதே நல்லது என்பேன். கெட்டமின், மெத்தில்ஃபெனிடேட் போன்றவை இதில் வரும். படிவம் 20எஃப் என்ற தனி உரிமம் வேண்டும். சீட்டு இரண்டு பிரதியாக வர வேண்டும். ஒன்றை நாம் இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். பதிவேடு கட்டப்பட்டதாக, பக்க எண் உள்ளதாக, மருந்துக்கு ஒரு பக்கம் என்று ஒதுக்கியதாக இருக்க வேண்டும். மருந்தோ அதற்கென்றே ஒதுக்கிய பூட்டிய அலமாரியில், அல்லது பொறுப்பானவர்கள் மட்டுமே நுழையக்கூடிய தனிப் பகுதியில் இருக்க வேண்டும்.

6. கொள்முதல் பில்களுக்கும் எண் போடுங்கள்

மொத்த விற்பனையாளர் தரும் பில்லில் அவருடைய எண் இருக்கும். அது போதாது. வந்த தேதி வரிசையில் நாமும் அதற்கு ஒரு தொடர் எண் இட்டுக் கோக்க வேண்டும். சரக்கு வந்த அன்றே பில்லில் உள்ள தொகுதி எண்ணையும் பெட்டியில் உள்ளதையும் ஒப்பிடுங்கள். இரண்டும் வேறாக இருப்பது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். அப்படியிருந்தால் திருத்திய பில் வரும்வரை அந்தச் சரக்கை விற்பனைக்கு எடுக்க வேண்டாம். பில் இல்லாமல் "பிறகு அனுப்புகிறேன்" என்று வரும் சரக்கை இறக்கவே இறக்காதீர்கள்.

7. எத்தனை ஆண்டு வைத்திருப்பது?

என்னை அதிகம் குழப்பிய கேள்வி இது. கேட்ட ஒவ்வொருவரும் ஒரு விடை சொன்னார்கள். இரண்டு என்றார் ஒருவர், மூன்று என்றார் இன்னொருவர், ஐந்து என்றார் எனக்குப் பாடம் எடுத்த ஆசிரியர். பிறகுதான் புரிந்தது, மூவருமே சரி.

மருந்து விதிகளின்படி பொதுவான பதிவேடுகளைக் கடைசிப் பதிவு எழுதிய தேதியிலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும். முதல் பக்கத்தின் தேதியிலிருந்து எண்ணிவிடாதீர்கள். எச்1 பதிவேட்டுக்கு மூன்று ஆண்டு. 2015ஆம் ஆண்டு மருந்தாளுநர் தொழில் ஒழுங்குமுறைகளின்படி, மருந்தாளுநர் தன்னிடம் வரும் நோயாளிகளின் மருந்துச்சீட்டுப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதி பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும்.

இவற்றுக்கு மேல் ஜிஎஸ்டி. பதிவு பெற்ற கடைகள் கணக்கு ஆவணங்களை, அந்த ஆண்டுக்கான ஆண்டறிக்கை தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாளிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூனில் போட்ட ஒரு பில்லை எடுத்துக்கொள்ளுங்கள். அது 2024-25 நிதியாண்டு. ஆண்டறிக்கைக்குக் கடைசி நாள் 2025 டிசம்பர் 31. அங்கிருந்து 72 மாதம் என்றால் 2031 டிசம்பர் 31. நம் பில்லே மருந்துச்சீட்டுப் பதிவாகவும் வரிக் கணக்காகவும் இருப்பதால், நீளமான காலத்தைத்தான் பின்பற்ற வேண்டும். பதிவேட்டுக்கு ஒன்று, பில்லுக்கு ஒன்று என்று பிரித்துப் பார்க்காமல், எல்லாவற்றையும் எட்டு ஆண்டு வைப்பது என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஒவ்வொரு கட்டின் மேலும் அழிக்கலாம் என்ற ஆண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

8. காகிதத்தைக் காப்பது

சூட்டில் அச்சாகும் வழவழப்பான பில் காகிதத்தைக் கடைப் பிரதிக்குப் பயன்படுத்தாதீர்கள். சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்த ஒரு கட்டை அடுத்த தையில் பிரித்துப் பார்த்தேன். தேதியும் இல்லை, பெயரும் இல்லை, வெறும் சாம்பல் நிறத் தாள். வாடிக்கையாளருக்கு அதைக் கொடுத்தாலும், நமக்கு மையில் அச்சாகும் பிரதியோ கார்பன் நகலோ வேண்டும்.

மாதத்துக்கு ஒரு கட்டு, அட்டைப் பெட்டியில் போடாமல் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில், தரையிலிருந்து உயர்த்தி, சுவரை ஒட்டாமல் வையுங்கள். கரையான் சுவர் வழியாகத்தான் ஏறும். கணினிப் பதிவை வாரம் ஒரு முறை தனி ஹார்டு டிஸ்க்கில் நகலெடுத்து வீட்டுக்குக் கொண்டுபோங்கள். கடையில் தண்ணீர் புகுந்தால் கணினியும் நகலும் சேர்ந்தே போய்விடக் கூடாது. மாதக் கடைசியில் எச்1 விற்பனைப் பட்டியலை அச்செடுத்து மருந்தாளுநரிடம் கையொப்பம் வாங்கி வைத்தால், மென்பொருள் மாற்றும்போது பயமிருக்காது. எச்1 சீட்டை நோயாளியிடமிருந்து வாங்கி வைத்துக்கொள்ளத் தேவையில்லை, அது அவருடையது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக் கணினியில் சேர்த்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள்.

காலம் முடிந்த பதிவுகளைப் பழைய பேப்பர் கடையில் போடாதீர்கள். ஒரு பெண் என்ன மாத்திரை வாங்கினாள், எந்த மருத்துவரிடம் போனாள் என்பது வேர்க்கடலைப் பொட்டலமாக அவள் தெருவுக்கே திரும்பி வரலாம். கிழித்து, ஊறவைத்துக் கூழாக்கி அப்புறப்படுத்துங்கள்.

9. ஆய்வு நாளில்

ஆண்டுக்கு ஒரு முறையாவது ஆய்வு நடக்க வேண்டும் என்பது விதி. முன்கூட்டிச் சொல்லிவிட்டு வர மாட்டார்கள். படிவம் 35இல் உள்ள ஆய்வுப் புத்தகத்தை உரிமத்தோடு சேர்த்தே வையுங்கள். ஆய்வாளர் தன் குறிப்பை அதில்தான் எழுதுவார். அந்த நேரத்தில் மருந்தாளுநர் கடையில் இருக்க வேண்டும். சீட்டு மருந்து விற்பனை முழுவதும் அவருடைய நேரடி மேற்பார்வையில்தான் நடக்க வேண்டும் என்பதால், அவர் இல்லாத வேளையில் போட்ட பில்லே சிக்கலாகிவிடும்.

பதிவேடு விடுபட்டிருந்தால் விடுபட்டது என்றே சொல்லுங்கள். அவர் கண்முன் அவசரமாக எழுதி நிரப்ப முயன்றால், மறதி என்ற அளவில் நிற்க வேண்டியது பொய்க் கணக்காகிவிடும். பதிவேட்டை அவர் கைப்பற்றிச் சென்றால் படிவம் 16இல் ரசீது கேட்டு வாங்குங்கள். நகல் எடுத்துக்கொண்டு 20 நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. அதுவரை சும்மா இருக்காமல் அன்றைக்கே புதிய பதிவேடு தொடங்கி, முதல் பக்கத்தில் பழையது எந்தத் தேதியில், எந்த ரசீதின் பேரில் போனது என்று எழுதிவிடுங்கள்.

விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்தால், அதில் கொடுத்திருக்கும் கெடுவுக்குள் எழுத்தில் பதில் கொடுங்கள். என் பதிலில், விடுபட்ட ஏழு அட்டைக்கும் பில் எண், நோயாளி பெயர், மருத்துவர் பெயர் போட்டு ஓர் அட்டவணை இணைத்திருந்தேன். நகல்களை வரிசைப்படி கோத்து, ஒவ்வொன்றிலும் மருந்தாளுநர் கையொப்பம் வாங்கியிருந்தேன். உரிமத்தை நிறுத்திவைத்தோ ரத்து செய்தோ ஆணை வந்தால், அந்த ஆணையின் தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். எனக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. எச்சரிக்கையோடு கோப்பை முடித்தார்கள். அடுத்த ஆய்வில் அவர் வேறு மூன்று மருந்துகளை எடுத்து எண்ணினார். அலமாரிக் கதவில் தொங்கிய பதிவேட்டைப் பிரித்து ஒப்பிட்டுப் பார்த்தார். மூன்றும் சரியாக இருந்தன.